கோப்பி சொல்வதுபோல் கார்டுக்குச் சொல்

தங்கச்சி, சிராங்கூன் சாலை சாப்பாட்டுக் கடைக்கு வோர்ட்பிரஸில் தளம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். மெனுவில் 40 அயிட்டம் இருந்தாலும் படம், பெயர், விலை, ஆர்டர் பட்டன் என்று கார்டு ஒன்றேதான். அதை ஒரே டெம்ப்ளேட் கோப்பாக எழுதிக்கொள். அதற்கு விவரத்தை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

தேக்காவில் 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் கெட்டிப் பாலும் சீனியும் போட்டு வரும். 'ஓ' என்றால் பால் இல்லை, 'கோசோங்' என்றால் சீனி இல்லை, 'பெங்' என்றால் ஐஸ். நாம் சொல்லாமல் விட்டதற்குக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. உன் கார்டுக்கும் அது இருக்கட்டும்.

2020 ஆகஸ்டில் வந்த வோர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து, டெம்ப்ளேட் கோப்பை அழைக்கும் 'கெட் டெம்ப்ளேட் பார்ட்' மூன்றாவதாக ஒரு அரேயை வாங்கிக்கொள்கிறது. கோப்புக்குள் அது 'ஆர்க்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும். அதற்கு முன்பு நான் எல்லாவற்றையும் குளோபல் வேரியபிளில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிப் பலகாரப் பக்கத்தில் முறுக்குக்கு விலை போட விட்டுப்போயிற்று. முந்தைய கார்டின் அதிரச விலை குளோபலிலேயே தங்கி, முறுக்குப் படத்துக்குக் கீழே வந்து நின்றது. வாடிக்கையாளர் போனைக் காட்டி அந்த விலைக்கே கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? அன்றோடு குளோபலை விட்டேன்.

கோப்பின் முதல் வரியிலேயே 'டபிள்யூபி பார்ஸ் ஆர்க்ஸ்' கொண்டு இயல்பு மதிப்புகளைச் சேர்த்துவிடு. ஒன்றைக் கவனி: வெற்று எழுத்தை அனுப்பினாலும் 'கொடுத்தாயிற்று' என்றே அது எடுத்துக்கொள்ளும், இயல்பு மதிப்பு வராது. விலை காலியா என்று நீதான் தனியாகப் பார்க்க வேண்டும்.

விலையை '5.50 வெள்ளி' என்று எழுத்தாக அனுப்பாதே, எண்ணாக அனுப்பு. ஆங்கிலப் பக்கத்தில் டாலர் குறியும் தமிழ்ப் பக்கத்தில் வெள்ளியும் கார்டே போட்டுக்கொள்ளும். பட்டனின் வாசகமும் பாராமீட்டராகவே வரட்டும். 'ஆர்டர் செய்யுங்கள்' ஆங்கிலத்தைவிட நீளம், அதனால் பட்டனின் அகலத்தைக் கட்டிவைக்காதே. மொழிக் குறியீட்டையும் கூடவே அனுப்பு. திரைவாசிப்பான் தமிழைத் தமிழாக வாசிக்க அது வேண்டும்.

வந்த மதிப்பு எதுவானாலும் அச்சிடும் இடத்தில் எஸ்கேப் செய். கடைக்காரரே தட்டச்சு செய்ததாக இருந்தாலும் சரி.

மத்தியானம் 2 மணிக்கு மீன் தலைக் கறி முடிந்துவிடும். 'தீர்ந்துவிட்டது' என்று போடச் சொல்லி கட்டாயம் கேட்பார்கள். அதற்கு ஆம்-இல்லை பாராமீட்டர் ஒன்றை இப்போதே வை, இயல்பு மதிப்பு 'இல்லை'.