கருப்பட்டிப் பிஸ்கோத்து நமத்துப்போவது ஏன்?

சாயல்குடி, கடலாடிப் பகுதிகளில் பதநீர் காய்ச்சிச் சிரட்டைகளில் வார்க்கப்படும் கருப்பட்டியைக் கொண்டு பிஸ்கோத்தும் கேக்கும் செய்து விற்க நம் உறுப்பினர் பலர் முன்வருகின்றனர். பனைத் தொழிலாளருக்கு இது நல்ல செய்தியே. ஆனால், சீனி போட்ட அளவுக்குக் கருப்பட்டியைப் போட்டுச் சுட்டுவிட்டு, மறுநாளே சரக்கு நமத்துத் திரும்பி வருகிறதென வருந்துவோரையும் காண்கிறோம். கருப்பட்டியைக் குறை கூறுவதற்கில்லை. அதன் இயல்பறிந்து கையாள வேண்டும்.

ஆலைச் சீனியில் 100க்கு 99 பங்குக்கு மேல் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள்தான். கருப்பட்டியிலும் கரும்பு நாட்டுச் சர்க்கரையிலும் அதனோடு நீர், குளுக்கோஸ், பிரக்டோஸ், தாது உப்புகள் ஆகியனவும் உள. பிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து ஈர்க்கும். இராமேசுவரம் போன்ற கடற்கரையூரில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், கேட்கவேண்டுமா? கேக்கைப் பல நாள் மென்மையாக வைத்திருக்கும் அதே குணம் பிஸ்கோத்துக்குப் பகையாகிறது. ஆகவே, கருப்பட்டியை நீரில் கரைத்து, மணலும் தும்பும் போக வடிகட்டி, பாகை மீண்டும் காய்ச்சிக் கிளறித் தூளாக்கிப் பிஸ்கோத்துக்குச் சேர்த்தல் வேண்டும். கேக்குக்குப் பாகாகவே ஊற்றலாம். ஆனால், பாகிலுள்ள நீரின் அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொள்க. இவ்வகைச் சர்க்கரைகள் விரைவில் கருகுமாதலால், சூட்டைச் சற்றுக் குறைத்து நேரத்தை நீட்டுக. நன்கு ஆறிய பின்னரே காற்றுப் புகாத தகரத்தில் அடைக்கவேண்டும்.

சோடாவைப் பற்றியும் ஒரு சொல். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம் அல்லவா? அச்சுண்ணாம்பு தங்கிய கருப்பட்டியில் சோடாவைப் பொங்கவைக்கும் புளிப்பு இராது. வெறும் சோடாவைக் கூட்டினால் கேக்கில் சவர்க்கார வாடையே மிஞ்சும். ஒரு கோப்பை புளித்த மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா போதும்.

சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கிச் சுட்டு, பனங்கருப்பட்டிப் பிஸ்கோத்து என்று சீட்டு ஒட்டுவது, வாங்குவோரை மட்டுமின்றி மரமேறும் நம் உறுப்பினரையும் வஞ்சிப்பதாகும். உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது அதன் தரத்தாலும் பெயராலுமே. சங்கத்தின் வழியே நேரே காய்ச்சுவோரிடம் கொள்முதல் செய்வதே நமக்கு ஏற்ற வழி.

நீரிழிவு உள்ளோர்க்கு உகந்ததென்று சீட்டில் அச்சிடுவோரும் உளர். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதே. அவ்வாசகத்தை இன்றே நீக்கிவிடுக.