வேலை நிலையைக் கணக்கிட்டறிதல்

ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களே! கிராமத்தில் வேலை குறைந்ததா, மிகுந்ததா என்பதை ஒரே தடவை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட இயலாது. தை அறுவடையில் கூலியாள் அகப்படுவது அரிது. சித்திரையிலோ அதே ஆள் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஊரில் தொழில் நசித்ததென்பது பிசகு. சென்ற வருஷத்துச் சித்திரையோடு இவ்வருஷத்துச் சித்திரையையே ஒப்பிட வேண்டும்.

இந்திய சர்க்கார் 2017-ம் வருஷம் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பில், கிராமங்களின் நிலை முதலில் வருஷத்திற்கொருமுறையே வெளியாயிற்று. 2025 முதல்தான் மாதந்தோறும் வெளியாகிறது. அதன் வாராந்தரக் கணக்கில் மற்றொரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தவனும் வேலையுள்ளவனாகவே எண்ணப்படுகிறான்! அந்த ஒரு மணியின் கூலி கடன் தவணைக்குப் போதுமா? ஆகையால் வேலையில்லாதார் தொகை குறைவென்பதை மாத்திரம் நம்பித் தவணையை நிர்ணயித்தலாகாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எவரெவர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றனர் என்பவற்றையும் விசாரித்தறிக.

சில மாறுதல்கள் நெடுங்காலத்துக்குப் பின்னரே புலப்படும். சென்னை சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்லேட்டர் தம் மாணாக்கரைக் கொண்டு 1916-ல் ஆராய்ந்த கிராமங்களுள், அக்காலத் தென்னாற்காடு ஜில்லாவின் இருவேல்பட்டும் ஒன்று. பிற்காலத்தார் 2008 வரை அவ்வூருக்கே திரும்பத் திரும்பச் சென்று, பயிர்த்தொழிலுக்குப் புறம்பான வேலைகள் அங்கே பெருகியதைக் கண்டனர்.