மாற்றுச் சிகிச்சையைத் தொடங்குமுன்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

ஆலோசனை முடிந்து எழுந்து, கதவருகே சென்ற பிறகுதான் பல பெற்றோர் அந்தக் கேள்வியைக் கேட்கின்றனர்: "டாக்டர், உறவினர் ஒருவர் ஒரு மருந்து சொன்னார், கொடுத்துப் பார்க்கலாமா?" சிலர் கேட்பதே இல்லை. மாதக்கணக்கில் கொடுத்து வந்ததைக் குழந்தைக்கு உடல்நலம் குன்றிய பின்னரே தெரிவிக்கின்றனர். இதற்காக அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் இன்றில்லை. பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி போன்றவற்றின் பயனோ மெல்லத்தான் தெரியும். "மூன்றே மாதத்தில் பேசும்" என்னும் வாக்குறுதி அந்தக் காத்திருப்பில்தான் நுழைகிறது.

"எங்கள் குழந்தைக்குக் குணம் தெரிந்தது" என்று மற்றொரு பெற்றோர் சொல்வதை எவ்வாறு எடுத்துக்கொள்வது? செக்ரெட்டின் என்னும் குடல் சுரப்புநீரின் வரலாறு இங்கே உதவும். 1998இல் அமெரிக்காவில், வயிற்றுப் பரிசோதனைக்காக இம்மருந்து செலுத்தப்பட்ட மூன்று குழந்தைகளின் பேச்சும் கண்பார்த்துப் பழகும் திறனும் மேம்பட்டதாக ஒரு குறிப்பு வெளியாயிற்று. பெற்றோர் பலர் அம்மருந்தைத் தேடி அலைந்தனர். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளைக் கொண்ட ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குச் செக்ரெட்டினும் மற்றொரு பிரிவினருக்கு வெறும் உப்புநீரும் ஊசிவழிச் செலுத்தப்பட்டன. எந்தக் குழந்தைக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. நான்கு வாரங்களில் இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இம்முடிவைக் கேட்ட பின்னரும் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் அம்மருந்தில் ஆர்வம் இழக்கவில்லை.

உப்புநீர் பெற்ற குழந்தைகளின் பெற்றோர் பொய் சொல்லவில்லை. குழந்தை எந்த மருந்துமின்றியே வளர்கிறது, கற்கிறது. பெரும்பாலும் நிலைமை மிக மோசமாக இருக்கும் வேளையில்தான் புதிய சிகிச்சையைத் தொடங்குகிறோம். அதன்பின் தானாகத் தணிவதும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அன்போடு உற்றுநோக்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். இது எங்களுக்கும் நேர்வதே. அதனால்தான் மருத்துவர்களும் தம் கண்ணை மட்டும் நம்பாமல் இத்தகைய ஆய்வுகளை நாடுகின்றனர்.

பயனில்லை என்பதோடு முடிந்தால் கவலை குறைவு. உடலிலுள்ள உலோக நஞ்சை வெளியேற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் 'கீலேஷன்' சிகிச்சையைக் காண்போம். ஈய நஞ்சேற்றத்துக்கு இது முறையான மருத்துவமே. ஆட்டிசத்துக்கு இதனால் பயனுண்டு என்பதற்குச் சான்றில்லை. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆட்டிசத்துக்காக இச்சிகிச்சை பெற்ற ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். இரத்தத்திலுள்ள கால்சியம் மிகக் குறைந்து இதயம் நின்றுபோயிற்று. குளோரின் டை ஆக்சைடு கரைசலைக் குடிக்கக் கொடுப்போரும் உளர். அது வெளுப்பானாகப் பயன்படும் வேதிப்பொருள். அதனை எவ்வளவு சிறிய அளவிலும் கொடுக்கலாகாது.

நம் நாட்டில் குருத்தணுச் சிகிச்சை, அதாவது ஸ்டெம் செல் சிகிச்சை, பல இலட்ச ரூபாய்க்கு விற்கப்படுகிறது. நகையை அடகு வைத்தவர்களையும் கண்டிருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான குருத்தணு மாற்றத்தையே ஏற்கின்றன. ஏனையவை ஆய்வாக மட்டுமே நடைபெறலாம். ஆய்வில் சேரும் குழந்தையின் பெற்றோரிடம் அந்த ஆய்வுச் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பது முறையன்று. யாரேனும் கேட்டால், அதுவே உங்களுக்குப் போதிய எச்சரிக்கை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாங்கள் விரும்பவில்லை. இசையும் யோகாவும் குழந்தைக்கு மகிழ்ச்சி தருமாயின் தாராளமாகத் தொடரலாம். பாலையும் கோதுமையையும் நீக்கும் உணவுமுறை ஆட்டிசத்தைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. ஏற்கெனவே நான்கைந்து உணவுகளை மட்டுமே உண்ணும் குழந்தையிடமிருந்து பாலையும் பறித்தால் எலும்பு வலுவிழக்கக்கூடும். அப்படியும் முயல விரும்பினால் உணவியல் வல்லுநரைக் கலந்து, கேழ்வரகு போன்றவற்றால் கால்சியத்தை ஈடுசெய்ய வேண்டும். 'இயற்கையானது' என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

எதையேனும் முயல்வது என்று முடிவு செய்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை வாரத்தில் நிறுத்துவீர்கள் என்பதைத் தொடங்குமுன்பே குறிப்பேட்டில் எழுதுங்கள். பள்ளி ஆசிரியரிடம் சிகிச்சையைப் பற்றிச் சொல்லாமல், குழந்தையிடம் மாற்றம் ஏதும் தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். அவருடைய விடை பெரும்பாலும் நம் விடையைவிட நம்பத்தக்கது.

வலிப்பு மருந்து உண்ணும் குழந்தைக்கு, "இதைத் தொடங்கினால் அதை நிறுத்திவிடலாம்" என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த முறை வரும்போது, கொடுத்துவரும் புட்டிகளையும் பொடிகளையும் அப்படியே எடுத்து வாருங்கள், பெயர்ச்சீட்டு இல்லாதவற்றையும்தான். ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்பதற்காகத் தயங்க வேண்டாம். கதவருகே செல்லும்வரை காத்திராமல், அமர்ந்தவுடனேயே சொல்லுங்கள்.