200 பவுண்டு டீ கப்: உண்மையான விலை என்ன?

ஆன்சைட்ல இங்கிலாந்து போயிருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கையால பூ வரைஞ்ச பழைய வூஸ்டர் கப்-சாசர் ஏலத்துக்கு வருது. 200 பவுண்டு. இன்வெஸ்ட்மென்ட்டா வாங்கலாமா?"

முதல்ல கணக்கு. 200 என்பது சுத்தியல் தட்டும் விலை மட்டும்தான். அதுக்கு மேல பையர்ஸ் பிரீமியம் உண்டு. 25% என்று வைத்துக்கொள்வோம், 50 பவுண்டு. அந்த 50-க்கு 20% வாட், 10 பவுண்டு. ஆக உங்க கையை விட்டுப் போறது 260.

மறுநாளே அதே 200-க்கு விற்றால்? ஏலக் கம்பெனி கமிஷன் 15% என்றால் 30, அதற்கு வாட் 6. கைக்கு வர்றது 164. விலை ஒரு பைசா இறங்கல, ஆனா 96 பவுண்டு காலி! போட்ட காசு திரும்பி வரவே அடுத்த ஏலத்துல 317 பவுண்டு போகணும். அதாவது 58% ஏற்றம். எந்த மியூச்சுவல் ஃபண்டுலயாவது இப்படி ஒரு என்ட்ரி லோடு இருந்தா வாங்குவீங்களா?

வரியில ஒரு சலுகை இருக்கு. பிரிட்டனில் இந்த மாதிரி பொருள் 6,000 பவுண்டு வரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா ஒரு செட்டை உடைச்சு ஒரே ஆளுக்குத் தனித்தனியா வித்தா, எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாத்தான் கணக்கு.

சரி, ஆசைக்கு வாங்குறீங்களா? தாராளமா வாங்குங்க. ஒரு லென்ஸ் மட்டும் எடுத்துட்டுப் போங்க. கப்புலயும் சாசர்லயும் இருக்கும் ஒரே பூவைப் பாருங்க. கோடு அச்சு அசலா ஒண்ணா இருந்தா அது பிரிண்ட். கையால வரைஞ்சதுன்னா இதழுக்கு இதழ் கொஞ்சம் மாறும். அவுட்லைனை அச்சடிச்சு, உள்ளே கலர் மட்டும் கையால போட்டதும் நிறைய உண்டு. அதையும் 'ஹேண்ட் பெயின்டட்'னுதான் விற்பாங்க.

அடியில இருக்கும் முத்திரையை மட்டும் நம்பாதீங்க. வூஸ்டர் தொழிற்சாலை 1751-ல் ஆரம்பிச்சது. அதோட பிறை முத்திரையை பாரிஸ் சாம்சன் கம்பெனி உட்பட பலர் காப்பி அடிச்சிருக்காங்க. 'இங்கிலாந்து'ன்னு எழுதியிருந்தா பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்தது. அமெரிக்காவின் இறக்குமதிச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டதால் வந்த வழக்கம் அது. அதை '18-ம் நூற்றாண்டு'ன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு நகருங்க.

மெதுவா விரலால் சுண்டிப் பாருங்க. மணி மாதிரி ஒலிக்காம மந்தமா கேட்டா, எங்கேயோ விரிசல் இருக்கலாம். ஏலத்துக்கு முன்னாடியே கண்டிஷன் ரிப்போர்ட்டை மெயில்ல கேட்டு வாங்குங்க. பெரும்பாலும் இலவசம்தான்.