சத்தீஸ்கர்: வீண் பயமும் பொய்ப் பெருமையும்

சத்தீஸ்கருக்குச் சுற்றுலா போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அங்கே என்ன இருக்கு?" என்று முதலில் கேட்பார்கள். அடுத்து, "நக்சலைட் ஊராச்சே!" என்பார்கள். பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய மாநிலம் அது. 2000 நவம்பர் 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாலில் மூன்று பேருக்கு மேல் கிராமவாசிகள். இவ்வளவு பெரிய இடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் நாலைந்து செவிவழிச் செய்திதான்.

நம்பிக்கை: போனால் உயிரோடு திரும்புவது சந்தேகம்.

உண்மை: இந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. 2013 மே மாதம் காங்கிரஸ் தலைவர்கள் போன வாகன வரிசை மாவோயிஸ்டுகளால் தாக்கப்பட்ட ஜீரம் பள்ளத்தாக்கு, பயணிகள் போகிற காங்கேர் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நிலைமை அங்கேயே நின்றுவிடவில்லை. 2025 மே மாதம் மாவோயிஸ்ட் பொதுச்செயலாளர் நம்பாலா கேசவ ராவ் நாராயண்பூர் பக்கத்துக் காட்டில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இருநூறுக்கும் மேற்பட்ட மாவோயிஸ்டுகள், மாநிலத்தின் தென்பகுதியான பஸ்தர் வட்டாரத்தின் முக்கிய நகரம் ஜக்தல்பூரில் சரணடைந்தார்கள். பீஜாப்பூர், சுக்மா, நாராயண்பூர் உள்காடுகளுக்குள் உள்ளூர்க்காரர்களை விசாரிக்காமல் நுழையக் கூடாது என்பது சரி. அதற்காக மாநிலம் முழுவதையும் ஒதுக்கி வைப்பது அறியாமை.

நம்பிக்கை: சித்ரகோட் அருவி இந்தியாவின் நயாகரா.

உண்மை: இப்படிப் பட்டம் சூட்டியவர்கள் அருவிக்கு உபகாரம் செய்யவில்லை. நயாகராவை மனதில் வைத்துக்கொண்டு மே மாத விடுமுறையில் போய் நின்றால், பாறை விளிம்பில் சில வெள்ளைக் கீற்றுகள்தான் கண்ணில் படும். ஏமாற்றத்துக்குக் காரணம் பட்டப் பெயரே தவிர அருவி அல்ல. இந்திராவதி ஆறு இங்கே லாட வடிவில் சுமார் 30 மீட்டர் விழுகிறது. மழைக்காலத்தில் அகலம் 300 மீட்டர் வரை விரியும். ஆடி, ஆவணியில் செம்மண் குழம்பாகக் கொட்டும். அப்போது படகு விடமாட்டார்கள். ஐப்பசிக்கு மேல் நீர் தெளிந்து, படகில் அருவிக்குக் கிட்டத்தில் போய்ச் சாரலில் நனையலாம். கோடையில் அருவி இளைப்பதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. ஒடிசா எல்லையருகே இந்திராவதித் தண்ணீர் ஜோரா நாலா என்ற ஓடைப் பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு மாநிலங்களுக்கும் இதில் நெடுநாள் தகராறு. காவிரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பஸ்தர் தசரா என்பது இன்னொரு ராவண வதம்.

உண்மை: அங்கே ராமனும் இல்லை, ராவணனும் இல்லை. எந்தப் பொம்மையையும் கொளுத்துவதில்லை. விழாவின் நாயகி தந்தேஸ்வரி அம்மன். ஜக்தல்பூரில் இது 75 நாள் திருவிழா. ஆடி அமாவாசை வாக்கில் தேருக்கான மரத்துக்குப் பூசை போட்டுத் தொடங்குகிறார்கள். தேர் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. அதைச் செய்யும் உரிமை இன்னின்ன ஊருக்கு என்று பரம்பரையாக வகுத்திருக்கிறார்கள். வடக்கயிறு திரிப்பதும் அப்படித்தான். நாள் குறித்தாலும் விழா தானாக நடந்துவிடாது. மிர்கான் சமூகத்துச் சிறுமி ஒருத்தியை முள் பரப்பிய ஊஞ்சலில் படுக்க வைத்து ஆட்டுவார்கள். காச்சின் தேவி அவள்மேல் இறங்கி, அரச குடும்பத்துக்கு அனுமதி கொடுத்த பிறகே மேற்கொண்டு வேலை. ஒன்பது நாள் இளைஞன் ஒருவன் குழியில் அசையாமல் உட்கார்ந்து தவம் இருப்பான்.

வேடிக்கையெல்லாம் விஜயதசமி இரவில். எட்டுச் சக்கரத் தேரைப் பழங்குடி மக்கள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் வைத்துவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், தேர்த் திருட்டு! மறுநாள் ராஜ வம்சத்தவர் அங்கே போய், அவர்களோடு உட்கார்ந்து புது அரிசி உண்டு, சமாதானமாகித் தேரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடுத்து முரியா தர்பார். ஊர்த் தலைவர்கள் குறைகளைச் சொல்லும் சபை. ஒரு காலத்தில் ராஜா கேட்டார், இப்போது முதலமைச்சர் வந்து கேட்கிறார். இதைப் போய் டெல்லி ராம்லீலாவோடு சேர்த்துவிடுகிறோம்.

நம்பிக்கை: அது வெறும் காடு, சரித்திரம் ஏது?

உண்மை: ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற சக்கரக்கோட்டம் பஸ்தர் வட்டாரம்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சோழர் படை நடந்து போன ஊருக்கு நாம் ரயிலில் போகத் தயங்குகிறோம். வடக்கே, மகாநதிக் கரையில் இருக்கும் சிர்பூர் அதற்கும் மூத்தது. அங்குள்ள லட்சுமணன் கோயில் பெயருக்குத்தான் லட்சுமணனுடையது, உள்ளபடி திருமால் கோயில். கணவன் ஹர்ஷகுப்தன் நினைவாக அரசி வாசடை ஏழாம் நூற்றாண்டில் எழுப்பியது. செங்கல் கட்டடம்தானே என்று அலட்சியமாக நெருங்கினால் திகைத்துப் போவீர்கள். செங்கல்லிலேயே பொய்ச் சாளரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வாசல் நிலை மட்டும் கல். அதன் மேலே பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள், இரு பக்கமும் அவதாரங்கள். சுற்றிலும் பௌத்த விகாரங்கள். கூட்டம் கிடையாது, நிதானமாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை: வடக்கே சப்பாத்திதான் கிடைக்கும்.

உண்மை: நெல் விளையும் பூமி அது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, வெங்காயம், பச்சைமிளகாயோடு காலையில் சாப்பிடுகிறார்கள். போரே பாசி என்று பெயர், நம் பழைய சோறேதான். பஸ்தர் வாரச் சந்தையில் முசுறு எறும்பை அரைத்த புளிப்புச் சட்னியும், கூந்தற்பனையில் இறக்கிய சல்ஃபி கள்ளும் கிடைக்கும். தைரியமும் விருப்பமும் உங்களுடையவை.

நம்பிக்கை: போய்ச் சேருவதே கஷ்டம்.

உண்மை: பைலாடிலா இரும்புத் தாதுவுக்காகப் போட்ட மலைப்பாதையில் விசாகப்பட்டினம்–கிரந்துல் பயணிகள் ரயில் ஓடுகிறது. நம்மவர்கள் அதில் ஏறி அரக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி, காபித் தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை இறங்காமல் உட்கார்ந்திருங்கள். அதே ரயில் ஜக்தல்பூர் போகிறது. மழைக்காலத்தில் மட்டும் மண்சரிவால் பாதை அடைபடுவது உண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.