பயிர் அறைக்கு எத்தனை டன் ஏசி?

மாடியில் சும்மா கிடக்கும் ஓர் அறையில் அடுக்கு ரேக் போட்டு, எல்இடி விளக்கடியில் லெட்டூஸும் மைக்ரோகிரீன்ஸும் வளர்ப்பவர்கள் இன்று சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். ஏசி வாங்கக் கடைக்குப் போனால் அறையின் நீள அகலத்தை மட்டும் கேட்டு டன் சொல்லிவிடுவார்கள். அது மனிதர்கள் படுத்துறங்கும் அறைக்கான கணக்கு. பயிர் அறைக்கு வேறு கணக்கு வேண்டும்.

1. முதலில் பயிரை முடிவு செய்யுங்கள். லெட்டூஸ் 18 முதல் 24 டிகிரி வரை நன்றாக வரும். வெப்பம் ஏறினால் கசந்து பூத்துவிடும். மொட்டுக் காளான் காய்க்க 14 முதல் 18 டிகிரி வேண்டும். வீட்டு ஏசியில் 16 டிகிரிக்குக் கீழே வைக்கவே முடியாது என்பதால் அந்தக் காளானை இதை நம்பித் தொடங்காதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய பால் காளான் 30 டிகிரிக்கு மேலும் விளையும். அதற்கு ஏசியே தேவையில்லை.

2. விளக்கின் வாட் முழுவதும் வெப்பம்தான். எல்இடி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். குழல் விளக்கைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சம் தரும், அவ்வளவே. இழுக்கும் மின்சாரம் வெளிச்சமாகச் சுவரிலும் இலையிலும் பட்டு, கடைசியில் அறைக்குள்ளேயே வெப்பமாகிறது. இலை தன் வளர்ச்சிக்குப் பிடித்து வைப்பது மிகச் சொற்பம். 1 வாட் என்றால் மணிக்கு 3.4 பிடியூ. 1 டன் ஏசி மணிக்கு 12,000 பிடியூ வெப்பத்தை வெளியேற்றும். இந்த இரண்டு எண்களும் போதும்.

3. பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பாதீர்கள். ‘1000 வாட்’ என்று பெயர் போட்ட சில விளக்குகள் உண்மையில் 100, 150 வாட்தான் இழுக்கும். பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்று வாங்கி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பம்ப், மின்விசிறி எல்லாவற்றையும் சேருங்கள்.

4. இனி கணக்கு. 10க்கு 12 அடி அறை, மேலே மொட்டை மாடி. நான்கு ரேக், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு, தட்டுக்கு 60 வாட்: மொத்தம் 960. பம்பும் விசிறியும் 140. ஆக 1,100 வாட், அதாவது சுமார் 3,750 பிடியூ. வெயில் காயும் கூரைக்குக் கீழுள்ள 120 சதுர அடிக்குக் கடைக்காரர் சொல்லும் 1 டன்னை, அதாவது 12,000 பிடியூவை, இதோடு கூட்டினால் 15,750. சற்றே இடம் விட்டால் 1.5 டன் ஏசி. ரேக்கை இரட்டிப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கூட்டிவிடுங்கள்.

5. வெயிலும் விளக்கும் ஒரே நேரத்தில் வேண்டாம். இதைவிடப் பெரிய சிக்கனம் இந்த அறையில் இல்லை. லெட்டூஸுக்கு 16 மணி நேர வெளிச்சம், 8 மணி நேர இருட்டு போதும். அந்த இருட்டு இரவில்தான் வர வேண்டும் என்று செடி கேட்பதில்லை. பகல் 1 மணிக்கு விளக்கை அணைத்து இரவு 9 மணிக்குப் போடும்படி டைமர் வையுங்கள். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெயிலை முன்னிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆறு மணிக்கே போட வேண்டாம் என்கிறேன்.

6. ஏசிக்கு முன் கூரை. தளத்தின் மேல் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்குத் தெர்மோகோல் அடைப்பு, கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை. ஒருமுறை செய்யும் இந்தச் செலவு, மாதாமாதம் வரும் மின் கட்டணத்தைக் குறைக்கும்.

7. ஈரத்தை மறக்காதீர்கள். வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாக ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இதற்கெனத் தனியாக டன் கூட்ட வேண்டாம். நீரை ஆவியாக்கியது பெரும்பாலும் விளக்கின் வெப்பமே, அதை ஏற்கெனவே எண்ணிவிட்டோம். ஆனால் அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க ஏசி நின்று நிதானமாக ஓட வேண்டும். தேவைக்கு மிகப் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும்; ஈரம் அப்படியே தங்கி, இலையில் பூஞ்சை பிடிக்கும். எனவே ‘எதற்கும் பெரிதாக இருக்கட்டும்’ என்ற யோசனை இங்கே கெடுதல். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் ஓரளவு சமாளிக்கும். விளக்கணைந்த நேரத்தில் டிரை மோடில் போட்டுப் பாருங்கள்.

8. ஈரம் உறிஞ்சும் கருவி தனியாக வைத்தால் அதன் வாட்டையும் கணக்கில் சேருங்கள். அது தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கும். வெப்பத்தை அறைக்குள்ளேயே விட்டுவிடும்.

9. வெளி யூனிட்டை நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். ஏசியின் மேல் எழுதியிருக்கும் டன், வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தத் திறன் குறையும்.

10. பெரிய அறை என்றால் 2 டன் ஒன்றைவிட 1 டன் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மெக்கானிக் வரும்வரை மற்றது பயிரைக் காக்கும்.

11. ஏசி நின்று விளக்கு மட்டும் எரிவதுதான் பேராபத்து. மூடிய அறை சீக்கிரமே கொதித்துவிடும். விளக்குகளை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். அறை 32 டிகிரியைத் தாண்டினால் விளக்குகளைத் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். மின்சாரம் போய்த் திரும்பியதும் ஏசி தானே ஓடத் தொடங்குமா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள்.