வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'



கல்வி உதவி கேட்டு வரும் ஆங்கில விண்ணப்பங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் வாக்கியம் இது: 'மை ஃபாதர் லென்ட் மணி ஃபார் மை ஃபீஸ்.' கட்டணம் செலுத்தத் தந்தை கடன் வாங்கினார் என்று சொல்லவே மாணவர் நினைக்கிறார். ஆனால் எழுதியதன் பொருள், தந்தை கடன் கொடுத்தார் என்பதே. கடன்பட்டவரை ஒரு சொல் கடன் கொடுக்கும் வசதிக்காரராக்கி விடுகிறது.

குழப்பம் வரக் காரணம் உண்டு. தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல்லுடன் 'வாங்கு', 'கொடு' என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொற்கள். பொருள் நம்மிடம் வந்தால் 'பாரோ'. நம்மிடமிருந்து போனால் 'லெண்ட்'.

கூட வரும் சொல்லையும் மனத்தில் வையுங்கள். 'பாரோ'வுடன் 'ஃப்ரம்' வரும்: 'ஐ பாரோடு எ புக் ஃப்ரம் சலீம்.' 'லெண்ட்' உடன் 'டு' வரும்: 'சலீம் லென்ட் எ புக் டு மீ.' இதையே 'சலீம் லென்ட் மீ எ புக்' என்றும் சொல்லலாம். பேனா கேட்கும்போது 'பாரோ மீ யுவர் பென்' என்பது தவறு. 'லெண்ட் மீ யுவர் பென்' என்பதே சரி. 'லெண்டட்' என்று ஒரு சொல் இல்லை. 'செண்ட்' இறந்தகாலத்தில் 'சென்ட்' ஆவதுபோல, 'லெண்ட்' என்பது 'லென்ட்' ஆகும்.

தமிழ் வேறொரு வேறுபாட்டைக் காக்கிறது. வாங்கிய அதே பொருளைத் திருப்பித் தந்தால் இரவல். பணமாக வாங்கி அதே அளவு பணம் தந்தால் கடன். ஃபிக்ஹு பாடத்தில் 'ஆரிய்யா', 'கர்ள்' என்று பிரித்துப் படிப்பதும் இதுவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பாரோ', 'லெண்ட்' தான். குடைக்கும் அதுவே, பணத்துக்கும் அதுவே.

பெற்றோர் கவனத்துக்கு: வங்கிப் படிவத்தில் 'பாரோயர்' என்றால் கடன் வாங்குபவர், 'லெண்டர்' என்றால் கடன் கொடுக்கும் வங்கி. கல்விக் கடனில் பெரும்பாலும் பெற்றோரிடம் 'கோ-பாரோயர்' என்ற இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது சாட்சிக் கையெழுத்து அல்ல. பிள்ளையோடு சேர்ந்து நாமும் கடன் வாங்குகிறோம், திருப்பிச் செலுத்தும் பொறுப்பு நமக்கும் உண்டு என்பதே அதன் பொருள். தெரிந்து கையெழுத்திடுங்கள்.

பயிற்சி: 'பாரோ'வா, 'லெண்ட்'டா?

1. நூலகத்திலிருந்து புத்தகம் எடுக்கிறோம்.
2. பக்கத்து வீட்டாருக்கு ஏணி தருகிறோம்.
3. வங்கி நமக்குக் கடன் தருகிறது.
4. திருமணச் செலவுக்கு மாமாவிடம் கைமாற்று வாங்குகிறோம்.

விடை: 1, 4 - பாரோ, 2, 3 - லெண்ட்.